மீன்தொட்டியில் சலமாண்டர்: வளர்ப்போர் அறிய வேண்டியவை



ஃபிக்ஹு பாடத்தில் வளர்ப்புப் பிராணிகளைப் பற்றிய பகுதி வரும்போது முன்பெல்லாம் பூனை, புறா, கிளி ஆகியவற்றைப் பற்றியே மாணவர்கள் வினவுவர். அண்மைக் காலமாக ‘ஆக்சலாட்டில்’ என்னும் பெயர் அடிக்கடி நம் காதில் விழுகிறது. வண்ணமீன் கடைகளில் ‘நடக்கும் மீன்’ என்று கூறி விற்கப்படும் இது மீன் அன்று. சலமாண்டர் இனத்தைச் சேர்ந்த, தவளைக்கு உறவான உயிர். தலையின் இருபுறமும் மும்மூன்றாக இறகுக் கொத்துப் போன்ற செவுள்கள், நான்கு சிறிய கால்கள், எப்போதும் புன்னகைப்பது போன்ற வாய். மைன்கிராஃப்ட் விளையாட்டில் 2021ஆம் ஆண்டு முதல் இது இடம்பெற்றிருப்பதால், பிள்ளைகள் நேரில் காணும் முன்பே இதனை நேசிக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

இதைப் பற்றி நம்மிடம் வரும் வினாக்கள் பலவகை. இது பல்லியா, கொல்ல வேண்டுமா? தொட்டி நீர் ஆடையில் பட்டால் தொழலாமா? வாங்குவதும் விற்பதும் கூடுமா? இவற்றுள் நம்மை எழுதத் தூண்டியது ஒரு தாயார் அனுப்பிய வினா. மகனின் தொட்டியில் ஓராண்டாக இருந்த ஆக்சலாட்டிலின் செவுள்கள் சில வாரங்களில் சுருங்கி மறைந்தனவாம். வால் ஒடுங்கி, கண்கள் புடைத்து, வேறொரு பிராணியாகவே அது மாறிவிட்டதாம். உம்மம்மா அதைக் கண்டு அஞ்சி, ‘இது நல்லதற்கில்லை, வீட்டில் வைக்காதே’ என்கிறாராம். மகனோ அழுகிறான். என்ன செய்வது ஹஜ்ரத் என்று அத்தாயார் கேட்டிருந்தார்.

நமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். இப்பிராணியை வளர்ப்பதில் மார்க்கத் தடை ஏதும் இல்லை. ஆனால் இதன் உடலில் தோன்றும் மாற்றங்களைப் படித்தறியக் கற்காமல் இதனை வீட்டுக்குக் கொண்டுவருவது, நாளை மறுமையில் விசாரணைக்குரிய செயலாகும் என்றே நாம் அஞ்சுகிறோம். நம் ஊர்களில் உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு நாம் கூறும் ஆலோசனை, வாங்காதீர்கள் என்பதே. இவ்வாறு கூறுவதற்கான காரணங்களைக் கீழே விளக்குகிறோம்.

பல்லி அன்று

பல்லியைக் கொல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக உம்மு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. நம் வீட்டுப் பெரியவர்கள் அனைவரும் அதை அறிவர். அந்தக் கட்டளை ‘வஸக்’ என்னும் குறிப்பிட்ட பிராணியைப் பற்றியது. வாலும் நான்கு கால்களும் உள்ள யாவற்றிற்கும் அதனை நீட்டிவிட எவருக்கும் உரிமை இல்லை. பல்லிக்குச் செதில் உண்டு. அது ஓடுள்ள முட்டையிட்டு நிலத்தில் வாழ்வது. சலமாண்டருக்குச் செதிலே இல்லை. வழவழப்பான ஈரத்தோல் உண்டு. அதன் முட்டை தவளை முட்டையைப் போல் கூழ் சூழ்ந்து நீரில் கிடக்கும். குஞ்சு செவுளால் மூச்சுவிடும். உறவு முறை பார்த்தால் இது தவளையின் பக்கமே சேரும். மருந்துக்காகத் தவளையைப் பயன்படுத்துவது குறித்து ஒரு மருத்துவர் கேட்டபோது, அதனைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. சலமாண்டரைத் தவளையோடு கியாஸ் செய்து அதே சட்டத்தைச் சொல்ல நாம் முனையவில்லை. பல்லி என்று எண்ணிச் செருப்பை எடுப்போரின் கை சற்றுத் தயங்கினால் போதும்.

பழைய அரபு நூல்களில் ‘ஸமந்தல்’ என்றொரு பெயர் வரும். ஹிஜ்ரி 808இல் மறைந்த தமீரீ அவர்களின் ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் புகழ்பெற்ற நூலில் அது நெருப்பில் வேகாத பறவையாகப் பேசப்படுகிறது. அந்தக் கதைக்கும் நம் தொட்டியில் உள்ள உயிருக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை. உண்மையில் இவ்வுயிருக்கு நெருப்பு வேண்டாம். சித்திரை மாத வெயிலே போதும், மாண்டுபோக.

தூய்மையைப் பொறுத்தவரை, நாயும் பன்றியும் நீங்கலாக உயிருள்ள பிராணிகள் யாவும் தூய்மையானவை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. தொட்டதனால் உளூ முறியாது. அதன் கழிவு அசுத்தமே. ஆகவே கழிவு கலந்த நீர் பட்ட ஆடையைக் கழுவிக்கொண்டு தொழுவதே நமது மத்ஹபில் பேணுதலானது. வாங்கல் விற்றலில், பயன் இல்லாத பூச்சி புழுக்களின் விற்பனை செல்லாது என்று கூறிய ஃபுகஹாக்களே, நிறத்தைக் கண்டு மகிழ்வதற்காக மயிலை விற்பதைப் பயனுள்ள வணிகமாகக் கொண்டிருக்கின்றனர். கண்டு மகிழ்வதும் பயனே என்பதால் இதற்கும் அவ்வழியே இடம் உண்டு என்று கருதுகிறோம்.

பேசாத உயிரின் பேச்சு

குழந்தைகள் பிராணி வளர்ப்பதற்கு நம்மிடம் உள்ள அழகிய சான்று, அனஸ் (ரலி) அவர்களின் இளவலாகிய அபூ உமைரின் சிட்டுக்குருவி. அது இறந்தபோது வாடியிருந்த சிறுவனிடம் நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றியே விசாரித்து ஆறுதல் அளித்தார்கள். இப்னுல் காஸ் என்னும் ஷாஃபிஈ அறிஞர் இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது சட்டங்களை எடுத்துத் தனி நூலே எழுதினார். அந்த அனுமதியை நாம் அனைவரும் விரும்பி எடுத்துக்கொள்கிறோம். அதன் பக்கத்திலேயே நிற்கும் மற்றொரு செய்தியை, பூனையை அடைத்து வைத்து உணவளிக்காமலும், தானே தேடி உண்ணுமாறு விட்டுவிடாமலும் கொன்ற பெண்ணின் செய்தியை, வசதியாக மறந்துவிடுகிறோம். அப்பெண் பூனையை அடிக்கவில்லை, வெட்டவில்லை. அடைத்து வைத்துவிட்டுக் கவனிக்காமல் இருந்தாள், அவ்வளவே.

மூன்றாவது செய்தி, நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது. வயிறு முதுகோடு ஒட்டிப்போயிருந்த ஓர் ஒட்டகத்தைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், இந்த வாய்பேசாப் பிராணிகளின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு எச்சரித்ததாக ஸஹ்ல் பின் ஹன்ழலிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அதில் வரும் சொல் ‘முஃஜமா’. தன் நிலையை எடுத்துரைக்க மொழியற்றது என்பது அதன் பொருள். அவ்வொட்டகம் எதையும் சொல்லவில்லை. அதன் உடலைப் பார்த்தே அதன் பசி அறியப்பட்டது. ஆக, மொழியற்ற உயிரின் உடலே அதன் மொழி. அதைப் படிக்க அறியாதவன் ‘எனக்குத் தெரியாது’ என்று தப்பிக்க இயலாது. தன் கையால் கட்டிப்போட்டவனுக்கே அதைப் படிக்கும் கடமையும் உண்டு.

ஒட்டகத்தின் ஒட்டிய வயிற்றை எவரும் காண்பர். பூனை கத்தும், கிளி இறகை உதிர்க்கும். ஆக்சலாட்டில் கத்துவதில்லை, ஓடுவதில்லை. நோயுற்றாலும் அந்த வாய் புன்னகைப்பது போலவே இருக்கும். அது வாயின் அமைப்பே அன்றி மகிழ்ச்சி அன்று. பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். அதன் முகத்தைப் பார்க்காமல் செவுளையும் வாலையும் தோலையும் பார்க்கப் பழக்க வேண்டும்.

செவுளிலிருந்து தொடங்குவோம். நலமாக இருக்கும்போது செவுள்கள் விரிந்து, மெல்லிய இழைகள் நிறைந்து நிற்கும். வெளிர் நிற வகைகளில் அவற்றுள் ஓடும் இரத்தமே தெரியும். சற்று நேரம் சிவப்பு கூடுவதும் குறைவதும் இயல்பு. செவுள்கள் முன்னோக்கி வளைந்து முகத்தின் பக்கம் மடங்கி நின்றாலோ, வாலின் நுனி கொக்கிபோல் சுருண்டாலோ அது துன்பத்தில் இருக்கிறது என்று பொருள். ஃபில்டரின் நீரோட்டம் மிகுந்திருக்கலாம், நீர் சூடேறியிருக்கலாம், அம்மோனியா சேர்ந்திருக்கலாம். செவுளின் இழைகள் உதிர்ந்து தண்டு மட்டும் நிற்பதும் பெரும்பாலும் கெட்ட நீரின் அடையாளமே. பஞ்சு ஒட்டியதுபோல் வெண்மையாக எதுவேனும் காணப்பட்டால் அது பூஞ்சைத் தொற்று.

தோல் சிவந்தாலும் திட்டுத் திட்டாக உரிந்தாலும் முதல் ஐயம் அம்மோனியாவின் மீதே எழ வேண்டும். மீனைப் போல் இதற்குச் செதில் இல்லை. நீரில் உள்ளவை தோல் வழியே உள்ளே செல்கின்றன. ஆகவே அத்தர் பூசிய கையையோ சோப்பு மணம் மாறாத கையையோ தொட்டியில் விடக் கூடாது. அறையில் கொசு மருந்து தெளிக்கவும் கூடாது. மருந்துக் கடையில் மீனுக்கென்று தரும் மருந்துகளைத் தாமாக வாங்கி ஊற்றுவது இதனை விஷத்தில் வைப்பதற்கு ஒப்பாகலாம்.

நீரின் மேல் மிதந்து, இறங்க முயன்றும் இறங்க முடியாமல் இருந்தால் வயிற்றில் காற்றோ அடைப்போ இருக்கக் கூடும். இதன் உண்ணும் முறை வாயைத் திறந்து நீரோடு உறிஞ்சுவது. எனவே தொட்டியின் அழகுக்காகப் பரப்பும் கூழாங்கற்கள் உணவோடு வயிற்றுக்குள் போய்விடுகின்றன. பல ஆக்சலாட்டில்கள் இவ்வாறே இறக்கின்றன. அடியில் ஒன்றும் இடாமல் விடுவது நல்லது. இடுவதாயின் மிக மென்மையான மணல். உணவுக்கு மண்புழு சிறந்தது. வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறை போதும். ஒரு வேளை உண்ணாவிட்டால் கவலை வேண்டாம், தொடர்ந்து மறுத்தால் நீரைச் சோதியுங்கள். பிராணி நோயுற்றதும் ஓதிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றியதாகச் சிலர் கூறுகின்றனர். துஆ செய்வதை நாம் தடுக்கவில்லை. ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது; அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்கின்றனவா என்று சோதனைக் குப்பியில் பார்த்துவிட்டு ஓதலாம்.

அஞ்சத் தேவையில்லாத மாற்றங்களும் உண்டு. ஓராண்டை நெருங்கும்போது வெளிர் நிறமுள்ளவற்றின் விரல் நுனிகள் கருமையாகும். ஆணுக்கு வாலின் அடிப்பகுதி வீங்கித் தோன்றும். பெண்ணுக்கு வயிறு பருக்கும். அது பருவம் எய்தியதன் குறி. அதைக் கட்டி என்று எண்ணி மருந்து போட்டவர்கள் உண்டு. தொட்டியின் பின்னணி இருண்டதா வெளிர்ந்ததா என்பதற்கேற்பச் சிலவற்றின் நிறம் சற்று மாறுவதும் இயல்பே.

உம்மம்மாவின் அச்சம்

இனி அத்தாயாரின் வினாவுக்கு வருவோம். அதற்குச் சிறிது வரலாறு தேவைப்படுகிறது.

ஆக்சலாட்டிலின் தாயகம் மெக்சிகோ நகரின் தென்புறத்தில் உள்ள சோச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களும். தவளைக்குஞ்சு நீரில் பிறந்து, செவுள் இழந்து, நிலத்துக்கு ஏறுவதுபோல் மற்ற சலமாண்டர்கள் பல உருமாறுகின்றன. இதுவோ வாழ்நாள் முழுவதும் குஞ்சின் உருவிலேயே, செவுளோடு நீருக்குள் இருந்துகொண்டே பருவமடைந்து முட்டையும் இடுகிறது. 1864இல் மெக்சிகோவிலிருந்து முப்பத்து நான்கு ஆக்சலாட்டில்கள் பாரிஸுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஆறு, ஓகுஸ்த் துமெரில் என்னும் ஆய்வாளரின் கைக்கு வந்தன. மறு ஆண்டு அவை குஞ்சு பொரித்தன. அக்குஞ்சுகளில் சில வளர்ந்த பின் செவுள்களையும் வால் துடுப்பையும் இழந்து, புள்ளிகள் கொண்ட நில வாழ் சலமாண்டர்களாக மாறிவிட்டன. தொட்டியில் வேறு பிராணி புகுந்துவிட்டதோ என்று ஐயுறத்தக்க அந்தக் காட்சி, அக்கால அறிஞர்களையே வியப்பில் ஆழ்த்தியது. ஆகவே நம் உம்மம்மா அஞ்சியதில் வியப்பில்லை.

காரணம் பின்னர் விளங்கியது. உருமாறச் செய்வது தைராய்டு சுரப்பியின் நீர். ஆக்சலாட்டிலின் உடலில் அச்சுரப்பி உருமாற்றத்துக்குப் போதிய அளவில் தூண்டப்படுவதில்லை. 1920இல் ஜூலியன் ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர் மாட்டின் தைராய்டை உணவாகக் கொடுத்து ஆக்சலாட்டிலை உருமாற்றிக் காட்டினார். அரிதாகச் சிலவற்றில் எவரும் எதுவும் கொடுக்காமலேயே இது நிகழ்வதுண்டு.

ஆகவே அத்தாயார் கண்டது ஷைத்தானின் வேலையன்று. சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். ‘இது மஸ்கு செய்யப்பட்ட சமூகமாக இருக்குமோ’ என்று மற்றொருவர் கேட்டதால் அதற்கும் விடை கூறிவிடுகிறோம். உருமாற்றித் தண்டிக்கப்பட்ட கூட்டத்தாருக்கு அல்லாஹ் சந்ததியை ஏற்படுத்துவதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியதை முஸ்லிமில் காண்கிறோம்; குரங்குகளைப் பற்றி எழுந்த இதே ஐயத்துக்குத்தான் அந்த விடை அளிக்கப்பட்டது. மனிதனையே பல கட்டங்களாகப் படைத்ததாக நூஹ் அத்தியாயத்தில் அல்லாஹ் கூறுகின்றான். ஒரு துளியாகவும் இரத்தக் கட்டியாகவும் தசைப்பிண்டமாகவும் இருந்து வந்த நாம், செவுள் இழந்த ஒரு சிற்றுயிரைக் கண்டு அருவருப்பதற்கு என்ன இருக்கிறது?

அச்சம் வேண்டாம், அவசரம் வேண்டும். உருமாறும் உயிர் நீருக்குள்ளேயே கிடந்தால் மூழ்கி இறந்துவிடும். செவுள்கள் நாளுக்கு நாள் குறுகுதல், முதுகிலும் வாலிலும் உள்ள துடுப்பு கரைதல், கண்ணுக்கு இமை தோன்றிப் புடைத்தல், அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்குதல், தோல் தடித்து உரிதல் ஆகியவை சேர்ந்து வந்தால் உருமாற்றம் என்று கொள்ளலாம். செவுள் மட்டும் சுருங்கி மற்றவை மாறாதிருந்தால் அது உருமாற்றம் அன்று. நீரின் கேடாக இருக்கக் கூடும், அல்லது நீரில் ஆக்சிஜன் மிகுந்திருப்பதால் பெரிய செவுள் தேவைப்படாமலும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் நலமான ஆக்சலாட்டிலை நிலத்தில் எடுத்துப் போட்டால் அது காய்ந்து சாகும்.

உருமாற்றம் உறுதியானால் தொட்டியின் நீரைக் குறைத்து, ஏறி அமர ஒரு சாய்வான மேட்டை அமைக்க வேண்டும். முடிந்த பின் ஈரமான மண்ணும் பாசியும் ஒளிந்துகொள்ள இடமும் உள்ள மூடியிட்ட பெட்டி தேவை. குளிர்ச்சி அப்போதும் வேண்டும். அம்மகன் இனி மீன்தொட்டி வைத்திருப்பவன் அல்லன்; அவன் வேறொரு வகைப் பராமரிப்பைப் புதிதாகக் கற்க வேண்டும். உருமாறியவை பெரும்பாலும் நீண்ட காலம் வாழ்வதில்லை என்பதையும் அவனிடம் இப்போதே மென்மையாகக் கூறிவிடுவது நல்லது.

இங்கே கடுமையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. இம்மாற்றத்தைக் காணும் ஆசையில் தொட்டியில் அயோடினும் தைராய்டு மாத்திரையும் கலந்து பார்ப்போர் உள்ளனர். அவ்வுயிர்களில் பல பாதி வழியிலேயே இறந்துவிடுகின்றன. பிழைத்தவற்றின் ஆயுளும் குறைந்துவிடுகிறது. இறைவன் ஓர் உயிருக்கு வகுத்த வாழ்க்கையை, படம் பிடித்துப் பரப்புவதற்காக முறிப்பதற்கு மார்க்கத்தில் என்ன நியாயம் இருக்கிறது? அல்லாஹ்வின் படைப்பை மாற்றியமைக்குமாறு மனிதர்களை ஏவுவேன் என்று இப்லீஸ் சூளுரைத்ததை அந்நிஸா அத்தியாயத்தில் ஓதுகிறோம். நோய் தீர்க்கும் ஆராய்ச்சி ஒரு நிலை. வீட்டு வேடிக்கை வேறு நிலை. பின்னதைக் கூடாத செயலாகவே நாம் காண்கிறோம்.

இதே வகையில் மற்றொரு கேடும் உண்டு. ஆக்சலாட்டிலின் கால் துண்டிக்கப்பட்டால் சில வாரங்கள் முதல் சில மாதங்களில் எலும்பும் விரலுமாக முழுமையாக வளர்ந்துவிடுகிறது. வால் வளரும், தண்டுவடமும் இதயத்தின் பகுதியும்கூடச் சீராகும். மனித மரபணுத் தொகுப்பைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு பெரிதான இதன் மரபணுத் தொகுப்பை அறிவியலாளர்கள் 2018இல் வாசித்து வெளியிட்டதும் இந்த இரகசியத்தை அறிவதற்காகவே. ஸுப்ஹானல்லாஹ் என்று கூறி நிற்க வேண்டிய இவ்விடத்தில், ‘வளர்ந்துவிடுமே, வெட்டிப் பார்த்தால் என்ன ஹஜ்ரத்?’ என்று ஒரு மாணவன் நம்மிடம் கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான்.

அவனுக்கு நாம் இரண்டு செய்திகளைக் கூறினோம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, உயிருள்ள ஒட்டகத்தின் திமிலையும் ஆட்டின் கொழுத்த வாலையும் மக்கள் அரிந்து உண்டுவந்தனர். உயிருள்ளதிலிருந்து அரியப்பட்டது செத்த பிராணிக்குச் சமம் என்று கூறி அவ்வழக்கத்துக்கு அவர்கள் முற்றுப்புள்ளி வைத்தார்கள். அடுத்தது இப்னு உமர் (ரலி) அவர்கள், ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெய்து விளையாடிய இளைஞர்களைக் கண்டபோது நடந்தது. உயிருள்ளதை இலக்காக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததை அப்போது அவர் நினைவூட்டினார். காயம் ஆறும் என்பது காயப்படுத்துவதற்கான அனுமதி அன்று. உனக்கும் தோல் கீறினால் வளர்ந்துவிடுகிறதே என்றோம். அவன் தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான். குஞ்சுகளை நெருக்கமாக வைத்தால் ஒன்றின் காலை மற்றொன்று கவ்விவிடும். அவற்றைத் தனித்தனியே வைக்காமல், வளர்ந்துவிடும் என்று அலட்சியமாக இருப்பதும் இதன் இளைய சகோதரனே.

நம் ஊரின் வெயில்

சோச்சிமில்கோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறத்தாழ நமது உதகமண்டலத்தின் உயரம் அது. ஆக்சலாட்டிலுக்கு உகந்த நீர் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 24 டிகிரியைக் கடந்தால் அதன் உடல் தாங்காது. உணவு செரிக்காமல், நோய் பற்றி, நாள்கணக்கில் நலிந்து இறக்கும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் சென்னையிலும் கோடையில் வீட்டுத் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டுவது எளிது. மின்விசிறியால் இரண்டு மூன்று டிகிரியே குறையும். பனிக்கட்டிப் புட்டியை நீரில் இடுவது திடீர்க் குளிரையும் திடீர்ச் சூட்டையும் மாறி மாறித் தருகிறது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரமே உண்மையான வழி. அது பிராணியின் விலையைவிடப் பன்மடங்கு. இரவு பகலாக ஓட வேண்டும். மின்தடை வந்தால் மாற்று ஏற்பாடும் வேண்டும். இவ்வுயிர் நன்கு பராமரிக்கப்பட்டால் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வாழும். எட்டாம் வகுப்பில் வாங்கிய பிள்ளை கல்லூரிக்கு வெளியூர் போன பிறகும் அது தொட்டியில் இருக்கும். அப்போது மண்புழு ஊட்டப் போவது உம்மாவே.

தொட்டியை வாங்கிய அன்றே பிராணியை அதில் விடுவதும் தவறு. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை வெறும் தொட்டியை ஓடவிட வேண்டும். குழாய் நீரின் குளோரினை நீக்க வேண்டும். சுத்தமானது என்று எண்ணி ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றுவோரும் உளர். தாது உப்புகள் அகற்றப்பட்ட அந்த நீர் இதற்குத் தனித்துப் பொருந்தாது.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். தாயகத்தில் இவ்வுயிர் அழிவின் விளிம்பில் நிற்கிறது. 1998இல் சோச்சிமில்கோவில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்று கணக்கிடப்பட்டது, 2014இல் 36 அளவுக்கு வீழ்ந்தது. மெக்சிகோ தன் 50 பெசோ பணத்தாளில் இதன் படத்தை அச்சிட்டிருக்கிறது; ஏரியிலோ தேடினாலும் கிடைப்பது அரிது. கடைகளில் விற்பவை தொட்டியில் பிறந்து பெருகியவையே. ஆயினும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இவ்வினம் உள்ளது. அப்பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருப்போர் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆவணம் தராத கடையில் வாங்காதீர்கள். நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக உடன்பட்டு வாழும் நாம், ‘சிறு பிராணிதானே’ என்று அதைத் தட்டிக்கழிப்பது முறையன்று.

மேற்கண்டவற்றைப் படித்த பின்னும் தங்களால் இயலும் என்று கருதும் குடும்பத்துக்கு நாம் குறுக்கே நிற்கவில்லை. குளிர்ந்த மலையூர்களில் வாழ்வோருக்கு இது எளிதாகவும் இருக்கலாம். அத்தகையோர் பிள்ளையிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, நீரின் வெப்பம், உண்ட உணவு, செவுளின் நிலை ஆகியவற்றை எழுதி வரச் செய்யட்டும். மாற்றம் வந்த நாளை நினைவிலிருந்து கூறுவதைவிட ஏட்டிலிருந்து கூறுவது கால்நடை மருத்துவருக்கு உதவும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு, வளர்க்க இயலாமல் தவிப்போரும் உள்ளனர். பூனையைப் பற்றிய ஹதீஸைக் கேட்டு அஞ்சிய ஒருவர், தம்முடையதைப் பள்ளிவாசல் ஹவ்ளில் விட்டுவிடலாமா என்று கேட்டார். ஹவ்ளில் மீன்கள் நலமாக நீந்துவதைக் கண்டு அவருக்கு அந்த எண்ணம் தோன்றியிருக்கலாம். அந்தப் பூனையை விட்டிருந்தால் அது தன் நாட்டு மண்ணில் தன் உணவைத் தேடிக்கொண்டிருக்கும். ஆக்சலாட்டிலுக்கு நம் மண்ணில் அப்படி ஓர் இடம் இல்லை. இந்தியாவில் சலமாண்டர் இனம் வாழ்வது டார்ஜிலிங், மணிப்பூர் போன்ற வடகிழக்கு மலைகளில்தான். தமிழகத்தில் ஒன்றும் இல்லை. ஹவ்ளிலோ குளத்திலோ விட்டால் வெப்பத்தால் சாகும். சாகும் முன் தன் தோலில் உள்ள பூஞ்சை நோயை நம் தவளைகளுக்குக் கொடுத்துவிடவும் கூடும். அது விடுதலை ஆகாது. குளிர்நீர் வசதியும் பழக்கமும் உள்ள ஒருவரைத் தேடி, பதிவு ஆவணத்தோடும் அந்தக் குறிப்பேட்டோடும் ஒப்படையுங்கள். பதிவிலும் உரிமையாளரின் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். அத்தகையவர் கிடைக்கும் வரை, அது உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.